ஆற்றல் ஒடுங்குங்கால் அறம் யாது?

உலகத்துப் பொருள்கள் யாவும் தோன்றி, நின்று, ஒடுங்கும் இயல்பின என்பது சித்தாந்த சாத்திரம் பயிலத் தொடங்குவார் முதற்கண் கற்கும் பாடமாகும். இதனை நாவாற் கூறுதல் எளிது; அளவைகளான் நிறுவுதலும் ஒருவாறு எளிதே. தம் உடம்பின்கண்ணும், தம் தொழிலின்கண்ணும், தம் புகழின்கண்ணும் அவ்வொடுக்கம் வந்து புகுங்கால் அதனை முகமலர்ந்து ஏற்றலே அரிதாவது. நேற்றுவரை ஒரு கூட்டத்திற்குத் தலைவனாய் நின்றானொருவன் இன்று அக்கூட்டத்தின் கடையிடத்தே அமர நேருமாயின், அவன் செய்யத்தக்கது யாது? எழுந்து போதலோ? இருந்து சிறுபணி செய்தலோ? அவனை அங்ஙனம் அமர்த்தினார் செய்யத்தக்கது யாது? காண்பார் செய்யத்தக்கது யாது? இவ்வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டினார் மாணாக்கர் இருவர். அவர் நெய்வேலி நகரியத்தில் வாழ்பவர். ஞாயிறுதோறும் மந்தாரக்குப்பத்திலுள்ள எம் இல்லம் போந்து இலக்கணமும் சாத்திரமும் பாடங் கேட்பவர். 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதி ஞாயிறன்று வந்தவர், ஏட்டைப் பிரிக்குமுன்னரே ஒரு வழக்கினை எம்முன் வைத்தனர். இரண்டு நாட்களுக்கு முன்னர்ச் சென்னைச் சேப்பாக்கத்தில் நிகழ்ந்த கிரிக்கெட்டு ஆட்டத்தைப் பற்றியது அவ்வழக்கு.

"ஐயா, ஐந்து முறை கோப்பை ஈட்டிய தலைவர் ஒன்பதாம் ஆட்டக்காரராய் இறங்குகின்றார். இது தகுமோ? இரண்டாண்டுக்கு முன் கோப்பையோடு விலகியிருப்பின் அதுவன்றோ மானம்?" என்றான் ஒருவன். "அவர் நான்கு பந்து ஆடினும் போதும் என்றே மக்கள் வருகின்றனர். மக்கள் விரும்பும் வரையில் அவர் ஏன் விலகல் வேண்டும்?" என்றான் மற்றவன். "தம்பி, இன்றைப் பாடம் நடக்கட்டும்; இதனைப் பின்னர் ஆராய்வோம்" என்று கூறி யாம் ஏட்டைப் பிரித்தோம். பாடம் நடந்தது, எம் மனம் அவ்வினாவிலேயே நின்றது. அங்ஙனம் நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேம்.

சித்தாந்தம் பேசும் இதழில் மட்டை விளையாட்டிற்கு இடன் யாதென அன்பர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். நம் ஆசிரியன்மார் ஆன்மாவின் நிலையை விளக்குதற்கு வேடர் குடியில் வளர்ந்த அரச குமாரனை எடுத்துக் காட்டினர். மலத்தை மலத்தாற் கழுவும் முறைமையை விளக்குதற்குச் சாணமும் உவர்மண்ணும் இட்டு ஆடை வெளுக்கும் தொழிலை எடுத்துக் காட்டினர். தத்தம் காலத்தார் கண்முன் நிகழ்வனவற்றையே அவர் உவமையாகக் கொண்டனர். இக்காலத்து இளைஞர் கண்முன் நிகழ்வது இவ்விளையாட்டேயாதலின், அதனை எடுத்தல் குற்றமாகாதென்க.

இனி, வழக்கிற்குரிய செய்திகளைச் சுருங்கக் கூறுதும்.

மகேந்திர சிங் தோனி என்பார் 1981-ஆம் ஆண்டு இராஞ்சி நகரிற் பிறந்தவர். 2007-இல் இருபது ஓவர் உலகக் கோப்பையினையும், 2011-இல் ஐம்பது ஓவர் உலகக் கோப்பையினையும் இந்திய அணி பெற்றது இவர் தலைமையிலேயாம். ஐ.பி.எல். போட்டியிற் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்குத் தலைமை பூண்டு 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளிற் கோப்பை ஈட்டினார். சென்னை மக்கள் அவரைத் 'தல' என்றே அழைப்பர்.

இவரது இறக்கமும் படிப்படியாகவே நிகழ்ந்தது. 2017 சனவரியில் இந்திய அணியின் தலைமையைத் தாமே துறந்து, தம்மினும் இளையரான விராட் கோலியின் கீழ் ஆடினார். 2020 ஆகத்து 15-ஆம் நாள் பன்னாட்டு ஆட்டத்தினின்றும் விலகினார். சென்னை அணியின் தலைமையை 2022-இல் இரவீந்திர ஜடேஜாவிடம் ஒப்படைத்தார். அணி தோல்வியுறவே அவ்வாண்டிலேயே அது திரும்பவும் இவரிடம் வந்தது. 2024-இல் உருதுராஜ் கெய்க்வாட்டிடம் மீண்டும் ஒப்படைத்தார். 2023-இல் கோப்பை பெற்ற சின்னாட்களில் முழங்காலிற் சத்திர சிகிச்சை நிகழ்ந்தது. 2024 ஏப்பிரலில் மும்பையில் நான்கே பந்துகளில் இருபது ஓட்டம் எடுத்தார். அடுத்த திங்களில் தர்மசாலையில் ஒன்பதாவதாக இறங்கி முதற்பந்திலேயே ஆட்டமிழந்தார். 2025-ஆம் ஆண்டிற்கு அவர்க்குரிய ஊதியம் 4 கோடி ரூபாய். இளந்தலைவர்க்கு 18 கோடி. பன்னாட்டு ஆட்டம் ஆடாது ஐந்தாண்டு கழிந்த இந்தியரை, அவ்வாட்டம் ஒருகாலும் ஆடாதார் வரிசையில் வைத்தெண்ணும் விதியொன்று உண்டு. அவ்விதியினாலேயே அவர் அத்தொகைக்கு வைத்துக் கொள்ளப்பட்டார். நாட்டிற்கு உலகக் கோப்பை ஈட்டினாரைப் பன்னாட்டு ஆட்டம் அறியாதார் வரிசையில் எழுதிய அக்கணக்கேடு, காலதத்துவம் எழுதும் கணக்கு எத்தகையதென்பதை நன்கு காட்டுகின்றது.

மாணாக்கர் வழக்கிட்ட ஆட்டம் 2025 மார்ச்சு 28-ஆம் நாளது. எதிரணியாகிய பெங்களூரு 196 ஓட்டம் எடுத்தது. சென்னை அணி நூறு ஓட்டம் எய்துமுன்னரே ஏழு விக்கெட்டு இழந்த நிலையில் தோனியார் ஒன்பதாவதாகப் புகுந்தார்; பதினாறு பந்துகளில் முப்பது ஓட்டம் எடுத்து ஆட்டமிழவாது நின்றார். அணி 50 ஓட்டத்தால் தோற்றது. அவருடைய முழங்கால் முன்போலில்லை. பத்து ஓவர் முழுவதும் ஓடியாடுதல் அவர்க்கு இயலாது. ஆதலின் ஆட்டத்தின் நிலை நோக்கியே அவர் இறங்குகின்றார் எனப் பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் அடுத்த ஆட்டத்தின் பின்னர்க் காரணங் கூறினார்.

இனி, ஆராய்ச்சிக்கு வருவோம்.

நெய்வேலியில் வாழ்வார்க்கு ஒடுக்கம் என்பது நூலிற் படித்தறியும் பொருளன்று. 1930-களில் சம்புலிங்க முதலியார் நிலத்திற் கிணறு தோண்டுங்கால் வெளிப்பட்ட கரிய மண்ணே இவ்வூரின் வரலாற்றிற்கு வித்தாயிற்று. 1956-இல் நிறுவனம் தோன்றிற்று. சோவியத்து நாட்டின் உதவியால் எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962-இல் மின்னாக்கம் தொடங்கிப் பின்னர் 600 மெகாவாட்டு ஆற்றலுடையதாய் வளர்ந்தது. ஏறக்குறைய 58 ஆண்டு தமிழ்நாட்டின் விளக்குகளை எரித்த அந்நிலையம் 2020 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. அதன் பணியை 1000 மெகாவாட்டுப் புதிய நிலையம் ஏற்றது. பழைய நிலையம் வருந்திற்றோ? இல்லை. அது சடம். நிறுத்தினார் நிறுத்தினர், அது நின்றது. ஆயின், அந்நிலையத்தில் முப்பதாண்டு பணிபுரிந்து, ஓய்வு வயது வந்தவுடன் வேலையையும் வட்டத்திலிருந்த குடியிருப்பையும் ஒருங்கே விட்டு வெளியேறும் தொழிலாளி வருந்துகின்றான். கருவி வருந்தாது, கருவியைத் தானென்று கருதிய உயிரே வருந்தும். வேறுபாடு இதுவேயாம்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தம். செம்மலரைச் சார்ந்த பளிங்கு செந்நிறம் காட்டும். மலரை எடுத்தவழிப் பளிங்கு அழிவதில்லை. பளிங்கிற்கு அறிவுண்டாயின், மலர் நீங்குங்கால், 'யான் அழிந்தேன்' என்று அஃது அலறுதல் கூடும். பந்தினை எல்லைக்கு அப்பால் அடித்தவனது உயிர், கையின் வலிமையையும் கண்ணின் விரைவையும் சார்ந்து, 'அடிப்பவனே யான்' என்று நிற்கின்றது. தலைமை பூண்டவனது உயிர், 'தலைவனே யான்' என்று நிற்கின்றது. தனு கரணங்கள் மாயையினின்று நமக்குக் கூட்டப்பட்டவை. விடியுமளவும் இருளிற் பயன்படும் விளக்குப் போல்வன. விளக்கின் நெய் குறையுங்கால் விளக்கின்மேற் சினத்தல் பேதைமை. நெய் குறையவில்லையென்று சாதித்தல் அதனினும் பெரும்பேதைமை.

அற்றேல், தளர்ச்சி தோன்றிய அளவிலே விலகுதலே அறம். நிற்றல் பற்றின் காரியம் எனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. என்னை? விலகுதலும் 'யான்' என்னும் செருக்கின் காரியமாதல் கூடுமாதலின் என்க. புகழுக்கு மாசு வருமுன் ஓடிவிடல் வேண்டும் என்று விலகுவான், புகழைத் துறந்தானல்லன். புகழைப் பேழையுள் வைத்துப் பூட்டினானாவன். நிற்பானிடத்தும் பற்று உண்டாதல் கூடும். விலகுவானிடத்தும் பற்று உண்டாதல் கூடும். ஆதலின், நின்றான், விலகினான் என்னும் புறச்செயல் ஒன்றையே கொண்டு உள்ளத்தை அளத்தல் இயலாது.

இதற்கு அமெரிக்க நாட்டினர் ஆடும் பேஸ்பால் விளையாட்டிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுக் கூறுதும். பேப் ரூத் என்பார் அந்நாட்டில் இணையற்ற ஆட்டக்காரராய் விளங்கியவர். தளர்ச்சியுற்ற பின்னர் அணியொன்றினை நடத்தும் பதவியை அவர் பெரிதும் விழைந்தார், பெற்றாரல்லர். 1935-இல் பாஸ்டன் அணியொன்றிற்கு உயர்ந்த பட்டங்களோடு சென்றார். அப்பட்டங்கள் வெறும் பெயரளவினவாயின. மே 25-ஆம் நாள் ஓராட்டத்தில் மும்முறை பந்தினை எல்லைக்கு அப்பால் அடித்தார். சின்னாட்களில் மனக்கசப்போடு விலகினார். ஆல்பர்ட் புஹோல்ஸ் என்பாரோ 2021-இல் பெரும்பொருட்கு அமர்த்திய அணியால் இடையிலே விடுவிக்கப்பட்டார். 2022-இல், 42-ஆம் வயதில், தாம் முதலில் ஆடிய செயின்ட் லூயிஸ் அணிக்கு மீண்டார். நாள்தோறும் ஆடும் உரிமை வேண்டாது, பெரும்பாலும் இடக்கை எறிவாளர் வருங்கால் அடித்தற்கு நிறுத்தப்பட்டார். அங்ஙனம் நின்றே அவ்வாண்டு 24 முறை எல்லை கடந்தடித்து, 703 என்னும் எண்ணோடு விடைபெற்றார். முன்னையவர்க்குப் பெயரிற் பெரிய இடம் கிடைத்தது. பின்னையவர்க்குச் செயலில் மெய்யான இடம் கிடைத்தது. சிறிய இடமாயினும் மெய்யான இடமே உயிரைத் தாங்குமென்பது இவற்றாற் பெறப்படும்.

உள்ளத்தை இறைவனே அறிவன். புறத்தார்க்கு ஒரு கூட்டத்தின் செயலை ஆராய்தற்கு அளவை வேண்டும். அவ்வளவை மூன்றென யாம் கருதுகின்றேம். முதியவன் நிற்றலாற் கூட்டத்திற்குப் பயன் உண்டோ என்பது ஒன்று. அவன் நிற்றலால் இளையவன் வழி அடைபடுகின்றதோ என்பது மற்றொன்று. அவனிடத்து உண்மை உரைக்கப்பட்டதோ என்பது பிறிதொன்று.

இவற்றை வழக்கின்கண் வைத்துக் காண்போம். தளர்ச்சி உடம்பெங்கும் ஒருபடித்தாய் வருவதன்று. மார்ச்சு 28-ஆம் நாள் ஒன்பதாவதாக இறங்கிய அவரே, அவ்வாட்டத்தின் முற்பகுதியில் விக்கெட்டுக் காவலராய் நின்று எதிரணியின் தொடக்க ஆட்டக்காரரைக் கண்ணிமைப்பொழுதில் ஸ்டம்பிங் செய்து வீழ்த்தினார். காலிற் குறைந்தது கையிற் குறைந்திலது. ஏப்பிரல் 14-ஆம் நாள் இலக்குமணபுரியாகிய இலக்னோவில் பதினொரு பந்துகளில் 26 ஓட்டம் எடுத்து அணியை வெல்வித்தார். ஆட்ட நாயகர் என்னும் பரிசு அவர்க்கு நல்கப்பட்டபோது, 'எனக்கேன் இப்பரிசு?' என வினவி, நன்கு பந்து வீசிய இளைஞர் நூர் அகமதைச் சுட்டினார். இவையெல்லாம் பயன் உண்டென்பதற்குச் சான்று. ஆயின், ஆட்டம் கைவிட்டுப் போன பின்னர் வந்து எடுக்கும் முப்பது ஓட்டம் காண்பார்க்கு விருந்தேயன்றி அணிக்கு உணவன்று. ஆற்றல் உண்டேல் உதவுங் காலத்து முன்வருதல் வேண்டும். இன்றேல் அவ்விடத்தைப் பிறர்க்கு நல்குதல் வேண்டும். இவ்வளவில் முதல் மாணாக்கன் கூற்று நியாயமுடைத்தே.

மேலும், கெய்க்வாட்டிற்கு முழங்கை எலும்பு முறியவே, அவ்வேப்பிரலில் தலைமை மீண்டும் தோனியாரிடமே வந்தது. அவ்வாண்டு பதினான்கு ஆட்டங்களில் நான்கே வென்று, சென்னை அணி தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடையிடம் எய்திற்று. பிற்பாதியிலேதான் பதினேழு வயதினரான ஆயுஷ் மாத்ரே போன்ற இளையார்க்கு வழி திறந்தது. இப்பழியை ஒருவர்மேல் ஏற்றுதல் முறையன்று. ஒரு தூணின்மேலேயே கூரையை நெடுங்காலம் நிறுத்தி, மற்றைத் தூண்களை நடாதிருந்தது கட்டினார் குற்றமேயன்றித் தூணின் குற்றமாகாது.

இரண்டாம் மாணாக்கன், மக்கள் விருப்பமே அமையும் என்றான். அன்பு அமையும், ஆயின் அன்பு போலத் தோன்றும் மயக்கமும் உண்டு. சேப்பாக்கத்தில் தம் அணியின் ஆட்டக்காரர் வீழ்ந்தவுடன், அடுத்துத் தம் தலைவர் வருவாரென்று மக்கள் ஆரவாரிக்கும் வழக்கம் உண்டாயிற்று. தாம் முன்னதாக இறங்கின் தாம் வீழ்தலையே மக்கள் எதிர்நோக்குவரென ஜடேஜாவே 2023-இல் வெளிப்படக் கூறினார். ஒருவன்மேல் வைத்த அன்பு, அவனுடைய தோழன் வீழ்தலை விழையும் அளவிற்குச் செல்லுமாயின், அஃது அன்பாகாது. அன்பு பற்றப்பட்டார் எவரோ அவர்க்கு இனியாரெல்லார் மாட்டும் பரவும். மயக்கம் ஒருவரைப் பற்றிப் பிறரை ஒழிக்கும். அடியார்க்கடியாராதலே நம் மரபு என்பதனை நினைக.

அவ்வாண்டு இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்துகளிற் பத்து ஓட்டம் எடுத்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அந்த ஜடேஜாவேயாம். அவ்வாட்டத்தில் தோனியார் முதற்பந்திலேயே ஆட்டமிழந்திருந்தார். 2012 முதல் சென்னை அணியில் ஆடி வந்த ஜடேஜா 2025 நவம்பரில் மாற்றுமுறையால் இராஜஸ்தான் அணிக்கு அனுப்பப்பட்டார். ஊதியமும் 18 கோடியினின்று 14 கோடியாகக் குறைந்தது. வாணிகத்தில் இது வழுவன்று. எனினும், முதியார் பலரிடத்தும் ஒரே கோல் கொண்டளத்தல் அரிதென்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டாம்.

மூன்றாம் அளவையாகிய உண்மையுரைத்தல் கூட்டத்தாரின் கடமை. சென்னையிற் பிறந்த எஸ். வெங்கடராகவன் 1975, 1979-ஆம் ஆண்டுகளின் உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்திய அணியின் தலைவராயிருந்தார். தாம் தலைமையினின்று நீக்கப்பட்ட செய்தியை, 1979-இல் இங்கிலாந்தினின்று மீளுங்கால், விமானத்தில் உரைக்கப்பட்ட அறிவிப்பாலேயே அவர் அறிந்தார். நீக்கியது முறையோ அன்றோ, அறிவித்த முறைமை அறமன்று. ஆயின் அவர் அம்மனப்புண்ணோடு நின்றொழிந்தாரல்லர். 57 டெஸ்டு ஆட்டங்களில் 156 விக்கெட்டு வீழ்த்தி 1983-இல் முடித்தவர், 1993 முதல் 2004 வரை நடுவராய் 73 டெஸ்டு ஆட்டங்களில் நின்றார். ஆடுவோர் எண்ணினும் நடுவர் எண் மிக்கது காண்க. பந்து வீசும் வலிமை ஒடுங்கிற்று; அதனால் விளைந்த அறிவு ஒடுங்கவில்லை. அவ்வறிவிற்கேற்ற வேறு பணியை அவர் மேற்கொண்டார். கருவி மாறினும் அறிவு தொடரும் என்பதற்கு இது நல்ல சான்று.

சென்னையராகிய இரவிச்சந்திரன் அசுவின் வழி வேறு. 537 டெஸ்டு விக்கெட்டு வீழ்த்தியவர், 2024 திசம்பரில் ஆத்திரேலியத் தொடரின் மூன்று ஆட்டங்களுள் ஒன்றிலேயே இடம்பெற்ற நிலையில், தொடர் முடியுமுன்னரே விலகினார். 2025 ஆகத்தில் ஐ.பி.எல். போட்டியினின்றும் விலகினார். அவர் விலகியதும் ஏனையார் நின்றதும் அவரவர் பரிபாகத்திற்கேற்ப நிகழ்வனவாம். ஒருவர் வழியே எல்லார்க்கும் விதியாகாது.

இனி, இவ்வினாவிற்கு நம் மரபு தரும் விடையினை நோக்குவோம். அவ்விடை நெய்வேலிக்கு அணிமையிலேயே பிறந்தது. பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில் அவதரித்த திருநாவுக்கரசு சுவாமிகள் முதுமை எய்தித் திருப்பூந்துருத்தியில் எழுந்தருளியிருந்தார். பாண்டிநாட்டில் வெற்றி எய்திய திருஞானசம்பந்தப் பிள்ளையார் முத்துச் சிவிகைமீது அங்கு வந்தருளினார். பிள்ளையார் வயதில் மிக இளையர். புகழில் தமக்கு இணையாய் நின்ற அவ்விளையரை எதிர்கொள்ளச் சென்ற முதியவர், கூட்டத்துட் கூட்டமாய் மறைந்து, சிவிகை தாங்குவாரோடு தாமும் ஒருவராய்த் தோள் கொடுத்துத் தாங்கினார். 'அப்பர் யாண்டுளார்?' எனப் பிள்ளையார் வினவியபின்னரே அஃது வெளிப்பட்டதெனப் பெரியபுராணம் கூறும்.

ஈண்டு மூன்று நுட்பம் காண்க. சிவிகை தாங்குதல் சிறுபணி. அதனை அவர் பிறர் ஏவச் செய்தாரல்லர். தாமே தேடிச் சென்றார். இஃது ஒன்று. அதனைத் தம் எளிமையைக் காட்டும் கோலமாக ஆக்கிக் கொள்ளாது மறைந்து நின்றார். கேட்டாலன்றி வெளிப்பட்டிலர். இது மற்றொன்று. செய்தி அறிந்த பிள்ளையார் சிவிகைமேல் இருந்தவாறே பாராட்டினாரல்லர். பதைத்துக் கீழிறங்கி வணங்கினார். முதியவர் தோள் கொடுத்தல் முதியவர் அறம். இளையவர் கீழிறங்குதல் இளையவர் அறம். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் அக்கூட்டம் நில்லாது.

திருவீழிமிழலையில் இருவர்க்கும் நாள்தோறும் படிக்காசு அருளப்பட்ட வரலாறும் அன்பர் அறிந்ததே. பிள்ளையார் பெற்ற காசிற்கு வாசி இருந்தது. அரசுகள் பெற்ற காசிற்கு வாசி இல்லை. உழவாரங் கொண்டு கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணமாகக் கூறப்படும். பாடல் பெரிது, புல்லைச் செதுக்குதல் சிறிது என்று உலகம் கூறும். இறைவன் கணக்கில் அச்சிறிய பணிக்கு வட்டங் குறைக்கப்படவில்லை.

அற்றேல், தொண்டிற்கும் பொருள் வேண்டி ஆடும் ஆட்டத்திற்கும் ஒப்புமை யாது? கோடி பெறுவாரைப் பணிவுடையாராகக் கோடல் எங்ஙனம்? எனின், கூறுதும். யாம் அவரை அடியாராக்கிக் கூறவில்லை. உவமை ஒருபுடை ஒத்தல் போதும். ஊதியம் பெறினும் பெறாவிடினும், 'யானே தலைவன்' என்றிருந்த உயிர் பிறரொருவர் தலைமையின்கீழ் நிற்றற்கு ஒரு பயிற்சி வேண்டும். அப்பயிற்சி அடியார்க்குத் தொண்டினால் வாய்க்கின்றது. உலகினர்க்கு முதுமையினால் வாய்க்கின்றது. முன்னது விரும்பிக் கற்பது. பின்னது விரும்பாதபோதும் கற்பிக்கப்படுவது. மேன்மையும் தாழ்வும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பிற்கு இஃதொரு வாயில். ஒப்ப நோக்குதல் என்பது செயலற்றுக் கிடத்தலன்று. ஒன்பதாம் இடத்தினும் முதலிடத்தினும் ஒரே ஊக்கத்தோடு நிற்றலாம்.

இறைவன் செய்யும் ஐந்தொழிலுள் அழித்தல் என்பதற்கு நம் ஆசிரியர் கூறும் பொருளையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். அஃது உயிர்களின் இளைப்பொழித்தற் பொருட்டுச் செய்யப்படுவது. பிறந்திறந்து உழன்ற உயிர்க்கு ஓய்வளித்தலே சங்காரம். பேரழிவின் தன்மை அதுவாயின், முழங்காலின் தளர்ச்சியும், குரலின் தளர்ச்சியும், நினைவின் தளர்ச்சியும் அவ்வோய்வின் சிறுகூறுகளேயன்றோ? அவற்றைத் தண்டனையென்று கொள்ளுதலினாலேயே துன்புறுகின்றோம்.

முற்கூறிய காரணத்தை இனிக் கூறுவேம். எம் வயது அறுபத்தெட்டு. திங்கள்தோறும் கூடும் ஒரு சபையில் இருபதாண்டு தலைமைச் சொற்பொழிவு நிகழ்த்தினேம். சில காலமாகக் குரல் தாழ்ந்தது. மேற்கோள் கூறுங்கால் நினைவு தடுமாறியது. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சபையார், 'ஐயா இனித் தேவாரம் பாடித் தொடங்கி வைத்தாற் போதும். சொற்பொழிவைத் தம்பி பார்த்துக் கொள்வார்' என்றனர். அத்தம்பி எம்மிடம் பன்னீராண்டு பாடங் கேட்டவர். யாம், 'அவ்வாறே ஆகுக' என்று நாவாற் கூறினேம். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு, காய்ச்சல் என்று பொய் கூறிச் சென்றிலேம். சார்ந்ததன் வண்ணமாதலைப் பிறர்க்கு விரித்துரைத்த எம் நா, எம் உயிர் சொற்பொழிவு மேடையின் வண்ணமாய் நின்றதை அறிந்திலது. அந்நிலையிலேதான் மாணாக்கர் இருவரும் அவ்வழக்கைக் கொணர்ந்தனர். அவர் கேட்டது ஒரு விளையாட்டுக்காரரைப் பற்றி; எம் செவியில் விழுந்தது எம்மைப் பற்றி.

அடுத்த ஞாயிறு அவர்க்கு யாம் கூறிய விடை இதுவே: "தம்பி, ஒன்பதாம் இடத்தில் இறங்குதல் மானக்கேடன்று. இறங்கத்தக்க காலத்து இறங்காமையும், இறங்கியபின் மனம் முதலிடத்திலேயே நிற்றலுமே கேடு. அவர் மனம் எங்கு நின்றதென்பதை யாம் அறியோம். நம் மனம் எங்கு நிற்கின்றதென்பதை நாம் அறியலாம்."

அத்திங்கட் கூட்டத்திற்குச் சென்றேம். பொய்க்காய்ச்சலைச் சபையாரிடம் மறையாது கூறினேம். தேவாரம் பாடுங்கால் மூன்றாம் பாட்டில் ஓரடி மறந்து நின்றேம். முன்வரிசையில் இருந்த அத்தம்பி அவ்வடியை மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தார். அதனைப் பற்றிக்கொண்டு பாடி முடித்துக் கீழமர்ந்து, அவருடைய சொற்பொழிவை முழுதுங் கேட்டேம். நன்றாகவே இருந்தது.

தளர்ந்தார் தமக்கு வாய்த்த சிறுபணியைச் செவ்வனே செய்க. வளர்ந்தார் அவரை மறவாது வணங்குக. கூட்டத்தார் உண்மையை உரிய காலத்து முகம்நோக்கி உரைக்க. ஒடுக்குவானும் ஓய்வளிப்பானும் ஒருவனேயாதலின், அவன் திருவடி நினைந்து அமைவோமாக.